ஒன்பதிலிருந்து முந்நூற்று நாற்பது

“எங்க மாநாட்டுக்கு முன்னாடி உங்க வலைப்பூவை ஒரு நாளைக்கு எத்தனை பேர் படிச்சாங்க?”

மகள் அனுப்பிய வாசகர் கணக்கை நம்ப முடியாமல், வலைப்பதிவர் மாநாட்டு அமைப்பாளரே அவளுடைய அப்பாவைக் கைபேசியில் கூப்பிட்டிருந்தார்; ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் வீடே கேட்டது.

“ஒன்பது பேருங்க,” என்றார் அப்பா.

“அதுல மூணு பேர் நம்ம வீட்லயே,” என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி.

“இப்போ?”

மகள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். மூன்று மாதத்துக் கோடு ஏணி சாத்தியது போல ஏறியிருந்தது.

“முந்நூத்தி நாப்பது.” சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“வந்தவங்கள்ல யாருக்கும் இவ்வளவு வளர்ச்சி இல்லை. எந்தப் பேச்சு உதவுச்சு?”

“வாசகர் கேக்குற கேள்வியையே தலைப்பா வைங்கன்னு ஒரு அம்மா பேசினாங்க. ‘குறுகலான மாடிப்படியில் பீரோ ஏற்றுவது எப்படி’ன்னு எழுதினேன். பிச்சுக்கிட்டுப் போகுது.”

“அடுத்த வருஷம் நீங்க மேடையில பேசணும். ஆனா, வந்தவங்க பட்டியல்ல உங்க பேரே இல்லையே. எந்த வரிசையில உட்கார்ந்திருந்தீங்க?”

ஏதாவது சொல்லிச் சமாளிக்கும்படி மகள் கண்ணைக் காட்டினாள். உண்மையைச் சொன்னால் மேடை போய்விடுமே என்று அவருக்கும் தோன்றியது.

“உட்காரலைங்க. அங்க நானூறு நாற்காலியையும் இறக்கிப் போட்டது நான்தான். திரும்ப வண்டியில ஏத்தணுமேன்னு ரெண்டு நாளும் கதவோரமா நின்னேன். நின்னுக்கிட்டே கேட்டேன்.”



“அப்ப, மேடையில முதல்ல இதைச் சொல்லுங்க,” என்றார் அமைப்பாளர்.

மனைவி ஈரக் கையோடு வந்து கைபேசியை வாங்கினாள்.

“சார், மேடையில இவரு உட்கார்ற நாற்காலியை மட்டும் வேற ஆளை விட்டுப் போடச் சொல்லுங்க.”