கால் எழுத்து

சோபாவில் சாய்ந்தபடி அவள் வலது காலை நீட்டி, கட்டைவிரலால் காற்றில் 'நாளை' என்று எழுதினாள்.

பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பார்க்காதது போலக் குனிந்துகொண்டார். தமிழ் வாத்தியார். இனி ஏணிப் பக்கம் போனால் என்னோடு பேசாதே என்று சொன்னவரும் அவர்தான், அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் இருப்பவரும் அவர்தான்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே கணுக்கால் இரண்டு தடவை பிசகிவிட்டது. முதல் தடவை, வீக்கம் வடிந்ததுமே எல்லாம் சரியாகிவிட்டது என்று ஏணியில் ஏறிவிட்டாள். இறங்கும்போது கடைசிப் படியில் கால் மடங்கிப் பொத்தென்று விழுந்தாள். அவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்று அவர் முகம் பேயறைந்தது போல இருந்ததை அவள் மறக்கவில்லை.

அதற்காக வேலையை விட முடியுமா? கால் பிசகினால் தாங்கிக்கொள்வாள். அந்த வேலை இல்லாவிட்டால் கையொடிந்த மாதிரி ஆகிவிடும்.

வீக்கம் வடிவது வேறு, கால் தேறுவது வேறு என்று பிசியோதெரபிஸ்ட் பெண் கறாராகச் சொல்லியிருந்தாள்.

இந்தத் தடவை அவள் டிமிக்கி கொடுக்கவில்லை. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நின்றாள். பால் காயும்வரை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி நாலு பக்கமும் இழுத்தாள். வலி போன பிறகும் விடவில்லை. ஆரம்பத்தில் தள்ளாடியவள், இப்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் அசைவதில்லை.

காலால் எழுத்து எழுதிப் பழகச் சொன்ன அந்தப் பெண் மனதில் வைத்திருந்தது ஏபிசிடியை. இவள் அ, ஆவன்னாவில் ஆரம்பித்துவிட்டாள். ணகரத்தின் சுழிகளுக்கும் ழகரத்தின் வாலுக்கும் கணுக்கால் சுற்றாத சுற்றில்லை. ஏபிசிடிக்கு இப்படித் தேறியிருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம்தான்.

கால் தயார். காலையில் வருவதாக வேலைக்கும் ஒப்புக்கொண்டாயிற்று. பாக்கி இருந்தது அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. அது இல்லாமல் போனால் கால் ஏணியில் நிற்கும், மனசு வீட்டில் கிடக்கும். மறுபடி பிசக அது ஒன்று போதும்.

'ஏணியில்' என்று நிதானமாக எழுதினாள்.

சிவப்புப் பேனா நின்றது. அவர் கண் இப்போது விடைத்தாளில் இல்லை.

அடுத்த சொல்லை இன்னும் பெரிதாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

'ஏருவேன்.'

வாத்தியார் துள்ளி எழுந்தார். மடியிலிருந்த தாள்கள் தரையெல்லாம் சிதறின.

"ஐயையோ, சின்ன ரா போடறியே! அதோட பகுதி என்ன? ஏறு! பெரிய றா. ஏறு, ஏறு!"

"நீங்களே இத்தனை தடவை ஏறச் சொன்னப்புறம் ஏறாம இருப்பேனா?"

அவர் கோபப்பட்டுப் பார்த்தார், வரவில்லை. சிரிப்புதான் வந்தது. தாள்களைப் பொறுக்கிக்கொண்டே, காலையில் ஏணியைத் தானே வந்து பிடிப்பதாக முணுமுணுத்தார்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சுற்றுவட்டாரத்தில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவள் எழுதியது. அவர் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தின் நீண்ட மதிலில் இருப்பதும் அவள் எழுத்துதான். அதில் ஒரு பிழையாவது சிக்காதா என்று தேடிக்கொண்டு ஏணிக்கடியில் வந்து நின்றவரைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள்.

மதிலில் இன்றுவரை ஒன்றும் சிக்கியபாடில்லை.