தொட்டிக்குள்ளிருந்து அம்மா

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அது வருகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

தொழுவத்துச் சாணித்தண்ணீரெல்லாம் ஒரு தொட்டியில் போய் விழும். பிளாஸ்டிக் குப்பையைச் சுட்டுக் கரிமணிகளாக்கி, வலைப்பையில் கட்டி அதற்குள் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீரிலிருக்கும் சத்தையெல்லாம் கரிமணிகள் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் அவற்றை அள்ளிப் புல்லுக்கு உரமாகப் போடுவார்கள்.

ஒரு சாயங்காலம், செவலைப் பசு அந்தப் புல்லை அசைபோட்டபடி தொட்டிப் பக்கம் போனது. உள்ளேயிருந்து, வயிறு உப்பிச் செத்துப்போன அதன் அம்மாவின் குரல் வந்தது.

"செல்லக்குட்டி, குளிருதுடி. கிட்ட வா."

செவலை தொட்டியை நோக்கி ஓர் எட்டு வைத்தது. "அம்மா, நீயா?"

"நான்தான். இன்னும் கிட்ட வாடி."

விளிம்பில் முன்னங்கால் வழுக்கியது. சட்டென்று தொட்டிக்குள்ளிருந்து பால்காரர் இருமுகிற சத்தம் வந்தது, நாய் குரைக்கிற சத்தம் வந்தது, பிறகு வலைப்பை மொத்தமும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"ஏமாந்தியா? நாங்க கரிமணிங்கடி. கேட்ட குரலையெல்லாம் அப்படியே பேசுவோம்."

"நாசமாப் போறவங்களா," என்று செவலையும் சிரித்துவிட்டது. சிரித்து முடிக்குமுன் ஏதோ உறைத்தது. "இருங்க. பால்காரர் தினம் வரார், கேட்டிருப்பீங்க. எங்கம்மா நீங்க வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாளே. அவ குரலை எங்க கேட்டீங்க?"



"சுடறதுக்கு முன்னாடி நாங்க பிளாஸ்டிக் பைகளா இருந்தோம்," என்றது மறுபடியும் அம்மாவின் குரல். "அவ வயித்துக்குள்ளதான் ரொம்ப நாள் இருந்தோம். அவ செத்தப்புறம்தான் அறுத்து வெளியே எடுத்தாங்க."

செவலை அசைபோடுவதை நிறுத்தியது. வாயிலிருந்த புல்லை விழுங்கவே இல்லை.