ஜன்னல் ஓர சீட்

"கையில என்னப்பா முள்ளு?"

பெரியவர் ம்சோமி பதில் சொல்லவில்லை. பாதுகாப்பு அதிகாரி ஸோட்வா இன்னொரு தடவை கேட்டாள். அதற்கும் இல்லை. டர்பன் விமானத்துக்கான வரிசை நின்றுவிட்டது.

"ஆள் ஒண்ணு, டிக்கெட் ரெண்டு. கேட்டா வாயத் திறக்கறதில்ல. முள்ளு உள்ள போகாது. பெட்டியோட சரக்குல போடுங்க."

பெரியவர் அந்த முள்கிளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கிளையிடம் மட்டும் முணுமுணுத்தார்.

"பயப்படாத மகனே. வீட்டுக்குத்தான் போறோம்."

பின்னால் நின்ற கோட்டுக்காரன் ஜபுலானிக்குப் பொறுக்கவில்லை.

"நீயும் ஜூலுக்காரிதானே? செத்த மகனோட ஆவிய அந்தக் கிளையில ஏத்தி ஊருக்குக் கூட்டிட்டுப் போறார். வீடு சேர்ற வரைக்கும் அவனத் தவிர யார்கிட்டயும் பேசக் கூடாது. பேசினா அவன் பாதி வழியிலயே நின்னுடுவான். ரெண்டாவது டிக்கெட் அவனுக்கு."

தெரியும் என்றாள் ஸோட்வா.

அவன் விடவில்லை. போன வாரம் இதே வாசலில் அவன் மாமா கிளையோடு போனாராம். இப்போதுதான் பக்கத்து வரிசையில் ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியோடு போனாளாம். முள்ளுக்கு மட்டும் என்ன சட்டம்?

"காலையில ஒரு மேலதிகாரி, சாயங்காலம் ஒருத்தர். ஆளுக்கொரு சட்டம். என் வேலை போனா நீ சோறு போடுவியா?"

மனசாட்சி இல்லாதவள் என்றது வரிசை. ஜபுலானிக்குக் கைதட்டல்.

ஸோட்வா கழுத்துத் துணியை அவிழ்த்தாள். முள் தெரியாமல் கிளையைச் சுற்றினாள். பிறகு குனிந்து கிளையிடம் கேட்டாள்.

"தம்பி, உங்கிட்ட கத்தி கித்தி ஏதாவது இருக்கா?"

"இல்லைன்னு சொல்லு மகனே" என்றார் பெரியவர்.

"பத்திரமா போ தம்பி."

விமானத்தில் பெரியவர் கிளையை ஜன்னல் ஓர சீட்டில் சாய்த்து பெல்ட் மாட்டினார். வெளியே கடலைக் காட்டினார்.

ஜபுலானிக்குக் கிடைத்தது நடு சீட். இரண்டு பக்கமும் தடித்த ஆட்கள். எழுந்து வந்தான்.

"பெரியவரே, இங்க உக்காந்துக்கட்டுமா? வேண்டாம்னா சொல்லிடுங்க."

மரியாதையாகக் காத்திருந்தான். பதில் வரவில்லை.

"நல்ல மனசு உங்களுக்கு" என்று கிளையை எடுத்துப் பெரியவர் மடியில் வைத்துவிட்டு, மகனின் பெல்ட்டைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டான்.