பார்க்கிறவர்களுக்கு ஒரு வாசல்

பொய் சொல்ல மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

தேவாலயத்துக்கு இரண்டு வாசல். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பெரியது, அதற்கு டிக்கெட். பிரார்த்தனை செய்ய வருகிறவர்களுக்குப் பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று, அது இலவசம்.

டிக்கெட் விலையைப் படித்ததும் கணவன் மனைவி இருவருக்கும் பகீரென்றது. ஆளுக்கொன்று எடுத்தால் நாளைய ரயிலுக்கு வைத்திருக்கும் காசு போச்சு.

பார்சிலோனாவில் இறங்கியதிலிருந்து ரொட்டியும் ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயும்தான். எங்கே போனாலும் நடை. எல்லாக் கட்டடத்தையும் வெளியே நின்று அண்ணாந்து பார்த்தாயிற்று. கழுத்து வலிக்கிறது.

ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளாக இருவரும் இவ்வளவு தூரம் சேர்ந்து நடந்ததே இல்லை.

இந்த ஒன்றை மட்டும் அவர் உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும்.

மாயவரத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். இதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்து, வருஷா வருஷம் போர்டில் வரைந்தவர். சாக்பீஸில் வெயிலை எங்கே போய் வரைவது என்று வீட்டுக்கு வந்து அலுத்துக்கொள்வார். ரிட்டயரானதும் கிளம்பியதே இதற்காகத்தான்.

சின்ன வாசலில் போனால் காசு வேண்டாம். கும்பிட வந்தோம் என்று சொன்னால் போதும். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நாலைந்து பேர் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

அது மட்டும் அவர் வாயில் வராது.

சாமி இல்லை என்கிற ஆள். ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர். மனைவி தையல்நாயகியை, அது அம்மன் பெயர் என்பதால், தையல் என்று பாதியாக்கிக் கூப்பிடுகிறவர்.

அவளை ஒருநாளும் தடுத்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும். கோயிலுக்குச் சைக்கிளில் உட்காரவைத்து அழைத்துப் போவார். வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பார். கோபுரத்தைத் தாண்ட மாட்டார். சிற்பத்தையாவது வந்து பாருங்களேன் என்றால், உள்ளே போனால் கும்பிடப் போனான் என்றுதானே எழுதிக்கொள்வார்கள் என்பார்.

வீட்டிலும் அவள் விளக்கேற்றினால் பேப்பரை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய்விடுவார்.

"விடு தையல். வெளிச்சுவரே நல்லாத்தான் இருக்கு," என்றார்.

குரல் நல்லா இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்குங்க ரெண்டு டிக்கெட்டு? ஒண்ணு எடுங்க, உங்களுக்கு. நீங்க பார்க்கத்தானே வந்தீங்க? நான் நெசமாவே கும்பிடத்தான் போறேன். வேளாங்கண்ணிக்குப் போறதில்லையா நான்?"

அவர் விழித்தார்.

"அடிப்பாவி!" என்றார்.

சிரித்துக்கொண்டே பெரிய வாசல் வரிசைக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது.

சின்ன வாசலில் அவள் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். காவலாளி வேண்டாம் என்று கையசைத்தார். செருப்புக் காலோடு சாமி முன்னால் போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மன்னிச்சுக்கோ தாயே என்று முணுமுணுத்தபடி போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நடுவில் தடித்த சிவப்புக் கயிறு. இந்தப் பக்கம் கும்பிடுகிறவர்கள். அந்தப் பக்கம் பார்க்கிறவர்கள்.

கையைக் கூப்பிக் கண்ணை மூடினாள். வழக்கமாக அவள் வேண்டுதல் நீளமானது. பையன் வேலை, அண்ணன் வீட்டுக் கேஸ், தன் மூட்டுவலி என்று போகும்.

இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் ஆசைப்பட்டதைக் கண் குளிரப் பார்க்கட்டும்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

கண்ணைத் திறந்தாள். தரையெல்லாம் சிவப்பும் நீலமும், கலர் கோலப்பொடியைக் கொட்டினாற்போல. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அத்தனை தலையும் மேலே அண்ணாந்திருந்தது.

ஒரு தலை மட்டும் அண்ணாந்திருக்கவில்லை.

அவர் கயிற்றை ஒட்டி நின்றிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலே பாருங்க, மேலே பாருங்க என்று முகவாயால் ஜாடை காட்டினாள். அத்தனை காசு கொடுத்து உள்ளே வந்துவிட்டு இந்த மனுஷன் என்ன செய்கிறார்?

அவர் அசையவில்லை.

தான் கும்பிட்டு அவர் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வேண்டிக்கொள்ள இனி ஒன்றும் இல்லை.

முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மறுபடி கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டாள்.