கலப்பில்லாத இரத்தம்

நினைவாற்றலைக் காக்கவென்று அவள் உருவாக்கிய மருந்து, எலியின் இரத்தத்தில் கால் மணி நேரம்கூடத் தாங்காமல் சிதைந்துபோயிற்று. மாலைக்குள் வழி பிறக்காவிட்டால் ஆய்வுக்கு மூடுவிழா.

"எலிக்குத்தானே ஒத்துக்கல? மனுஷ ரத்தத்துல கலந்து பாரு. என்னோடதையே எடுத்துக்கோ," என்றார் கணவர். அதே ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு மருந்து புகட்டுவது அவர் பணி. "ஐயோ, மெதுவா குத்து தாயே!"

"எலிகூட இப்படி அலறல."

மருந்தைக் கலக்குமுன் வெறும் இரத்தத்தை, மருந்தின் அளவைக் கோடாகக் காட்டும் கருவியில் ஓட்டிப் பார்ப்பது முறை. ஓட்டினாள். தட்டையாக ஓடவேண்டிய கோடு, அவளுடைய மருந்துக்குரிய இடத்தில் திரையில் மலைபோல் எழுந்து நின்றது. குளிர்பெட்டியைத் திறந்தாள், எலிகளுக்குப் போக மிஞ்சியிருந்த குப்பிகள் அத்தனையும் காலி.

"என்னங்க, நீங்களா குடிச்சீங்க?"

அவர் தலைகுனிந்தார். "கொஞ்ச நாளா மறதிம்மா. உன் மருந்து மேல அவ்வளவு நம்பிக்கை. தினம் காலைல ஒரு மடக்கு."

மனித இரத்தத்தில் மருந்து சிதையாமல் நிற்கிறது! ஆய்வு பிழைத்தது. பூரிப்போடு பேனாவைத் திறந்தாள்.

"எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எழுதணும். இன்னைக்கு எப்பக் குடிச்சீங்க?"

அவர் விட்டத்தைப் பார்த்து வெகுநேரம் யோசித்தார்.

"எதை?" என்றார்.