இரண்டாம் கியர்

பின்சில்லுகள் ஈரத்தில் பிடியை விட்டபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கார் பக்கவாட்டில் போனது.

ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினாள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுக்கவில்லை. சட்டென்று எடுத்தால் கார் சுழன்றுவிடும். வால் ஒருமுறை வெளியே வீசி, தயங்கி, நேரானது.

கனடாவின் ஸ்காபரோவில் நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவு. மழை. ஞாயிற்றுக்கிழமைக் காலை.

இதற்காகத்தான் இந்தக் காரை வாங்கியிருந்தாள். பெரிய விலையில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் குடும்பக் கார் இதைவிட விலை கூட. பெரிய வலுவும் இல்லை. ஆனால் எடை குறைவு. என்ஜின் முன்னால் இருக்க, பின்சில்லுகள்தான் தள்ளும். நாலாயிரம் சுற்றைத் தாண்டினால் முதுகில் யாரோ கை வைத்து உந்துவதுபோல் இருக்கும்.

அதை அண்ணனுக்குக் காட்ட நினைத்தாள்.

குணசீலன் வவுனியாவிலிருந்து வந்து ஒரு கிழமைதான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். அவளைவிடப் பல வயது மூத்தவர். வந்த அன்றே, வாசலில் நின்ற காரைப் பார்த்து எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"இது பொம்பிளையள் ஓடுற காரோ? விசர்ப் பெடியள் ஓடுறதெல்லோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இன்று கோயிலுக்குப் புறப்பட்டபோது அவரைத் தன் காரில்தான் ஏற்றினாள். வளைவு வருவதற்கு முன்பே, கார் சறுக்காமல் காக்கும் கருவியைப் பொத்தானை அழுத்தி அணைத்தாள். இரண்டாம் கியருக்கு இறக்கினாள்.

"மெல்லப் போ பிள்ளை," என்றார் அவர்.

அவளுக்குக் கேட்டது.

கேட்ட பிறகுதான் ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

"எப்பிடி அண்ணா?" என்றாள், கார் நேரானதும்.

அவருடைய இரண்டு கைகளும் கதவின் கைப்பிடியில் இருந்தன. கண் மூடியிருந்தது.

முதலில் வந்தது வாடைதான். அவளுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை.

பிறகு பார்த்தாள்.

கோயிலுக்கென்று காலையில் அவள் அயர்ன் பண்ணிக் கொடுத்த பட்டு வேட்டி. மடியிலிருந்து முழங்கால்வரை நனைந்திருந்தது.

அவர் மெல்லக் கண் திறந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். நேரே பார்த்தபடி இருந்தார்.

அவளும் நேரே பார்த்தாள். வைப்பர் போய்ப் போய் வந்தது.

நெடுஞ்சாலையின் அடுத்த வெளிவழியில் காரை இறக்கினாள். ஒரு தமிழ்க் கடையின் முன்னால் நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கேட்டால், தான் அதைக் கண்டதாகிவிடும்.

"சீற்றை நான் கழுவித் தாறன்," என்றார் அவர், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "பிள்ளையளுக்குச் சொல்லாதை."

சிறுவயதில் அவள் பயந்து நடுங்கிய குரல் அது. இப்போது அவளிடம் கெஞ்சியது.

அவள் இறங்கிக் கடைக்குள் போனாள். மாம்பழ ஜூஸ் ஒரு போத்தல் வாங்கிவந்தாள். மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். எதற்கென்று தெரியாமலே வாங்கிக்கொண்டார்.

அவர் அதை வாய்க்குக் கொண்டுபோகும்வரை காத்திருந்தாள்.

முதல் கியர். கிளச்சை ஒரேயடியாக விட்டாள்.

கார் துள்ளி, உதறி, நின்றது. வாங்கிய நாளிலிருந்து அவள் காலடியில் அந்த என்ஜின் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. ஜூஸ் அவருடைய நெஞ்சிலும் சால்வையிலும் மடியிலும் சீற்றிலும் கொட்டி வழிந்தது.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சாவியைத் திருப்பினாள்.

வீடுவரை மூன்றாம் கியரைத் தாண்டவில்லை.

கதவைத் திறந்தது அவளுடைய மகள் ஆரணி.

"என்ன மாமா, வேட்டியெல்லாம் மஞ்சளாக் கிடக்கு?"

"உன்ர கொம்மாவுக்கு இன்னும் கிளச் விடத் தெரியேல்லை."

ஆரணி சிரித்தாள். உள்ளேயிருந்தும் யாரோ சிரித்தார்கள்.

"ஓம்," என்றாள் அவள். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள்.

கழற்றி முடிந்தது. குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நிமிரவில்லை.