கூட ஒரு கரண்டி

வெள்ளையம்மாள் குண்டானை நீட்டினால், ரேணுகாம்பாள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். கேட்ட இட்லி மாவோடு கூட ஒரு கரண்டி போட்டு அனுப்பிவிடுவாள்.

"அவங்க வீட்ல எத்தினி பேர்தான் இட்லி துன்றாங்க?" என்றான் கணவன் கோதண்டராமன்.

"பௌர்ணமிக்கு சொந்தக்காரங்க வந்திருக்காங்களாம். நீங்க சும்மா இருங்க."

'மாவைப் போய் யாராவது கடையில் வாங்குவார்களா?' என்று தேரடித் தெருவே சிரித்தபோது, துணிந்து கிரைண்டர் வாங்கிப் போட்டவள் ரேணுகாம்பாள். இன்று கடையில் மூன்று கிரைண்டர் ஓடுகிறது. வீடு வீடாகப் போய் ஆட்டுக்கல்லில் மாவாட்டிப் பிழைத்த வெள்ளையம்மாளை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த உறுத்தல்தான் அந்தக் கரண்டி மாவு.

அன்று மாலை, வாடிக்கையாக வாங்கும் ஜாஹிரா தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நாளையிலேருந்து எனக்கு மாவு வேணாம்."

"ஏம்மா, புளிச்சிடுச்சா?"

"இல்லக்கா. என்ன இருந்தாலும் இது மிஷின் மாவுதானே? வெள்ளையம்மா கல்லுல ஆட்டி வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குது. வெலை ஜாஸ்திதான், ஆனா இட்லி பூ மாதிரி இருக்கு. எங்க தெருவே இப்ப அதுகிட்டதான் வாங்குது."

மறுநாள் காலை, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாக இரண்டு குண்டான்களோடு வந்து நின்றாள் வெள்ளையம்மாள்.

ரேணுகாம்பாள் இரண்டையும் நிரப்பினாள். கூட ஒரு கரண்டியும் போட்டாள். பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"நாளையிலேருந்து உங்களுக்கு மட்டும் கொஞ்சம் கொரகொரன்னு ஆட்டி வைக்கட்டுமா? கல்லுல ஆட்டுன மாதிரியே இருக்கும்."

இப்போது வெள்ளையம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.